பஞ்சு வைத்த பதினைந்து நிமிடம்

பதினைந்து நிமிடம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் நர்ஸ். பேசக் கூடாது, தலையைக் குனியக் கூடாது, கசப்பாக ஏதாவது தொண்டைக்குள் இறங்கினால் பயப்படக் கூடாது. மூன்று கூடாது. ஸ்கூலில் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு கூடாது சொல்கிறவள் நான், இன்றைக்கு எனக்கு வெறும் மூன்று, கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு மூக்குத் துவாரத்திலும் மருந்தில் நனைத்த பஞ்சுத் திரி. இடுக்கியால் பிடித்து உள்ளே உள்ளே என்று தள்ளியபோது வலதுபக்கம் சுலபமாகப் போய்விட்டது, இடதுபக்கம் பாதியிலேயே முட்டிக்கொண்டு நின்றது. "இங்க போகமாட்டேங்குதே" என்று நர்ஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை எழுதுங்கள் சிஸ்டர், தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று கத்தலாம்போல இருந்தது. பேசக் கூடாது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. பதினொன்று இருபத்தைந்துக்கு உள்ளே கூப்பிடுவார்கள். வாயால் மூச்சு விடுகிறேன். அது எனக்குப் புதிதில்லை, ஒன்பது வருடமாக முக்கால்வாசி மூச்சு வாயால்தான், ஆனால் இரண்டு பக்கமும் ஒரேயடியாக அடைத்துவிட்டால் வாய் திடீரென்று சின்னதாகிவிட்ட மாதிரி ஒரு பயம் வருகிறது. எதிர்ச்சுவர் போஸ்டரில் மூக்கை வெட்டி உள்பக்கத்தைப் படம் போட்டிருக்கிறார்கள், நடுவில் நேராக ஒரு சுவர், இரண்டு பக்கமும் சமமாக இரண்டு வழி. இவ்வளவு ஒழுங்கான மூக்கு யாருக்குத்தான் இருக்கிறதோ. பக்கத்து நாற்காலியில் அம்மா, என் ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. இன்றைக்கு அம்மா வாயைத் திறக்கக் கூடாது. இது நாலாவது கூடாது, நான் போட்டது. பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட்டேன். "உள்ள வந்தா நீ ஒண்ணும் பேசாதம்மா. சும்மா உக்காரு, போதும்." "செரி கண்ணு" என்றாள். அம்மாவின் செரியை நம்பி நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

ஃபைலில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முதலில் என் பெயர், மேகலா, வயது முப்பத்தொன்று, உடற்கல்வி ஆசிரியை, கோபிச்செட்டிபாளையம். அடுத்து ஸ்கேன். அடுத்து ஈரோடு டாக்டர் எழுதிக்கொடுத்தது: மூக்கின் நடுச்சுவர் இடதுபக்கம் வளைந்திருக்கிறது, வெளித்தண்டும் சேர்ந்து வளைந்திருக்கிறது, மூச்சுவிட ஆபரேஷன் தேவை. எல்லாவற்றுக்கும் கீழே அந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து எடுத்த இன்சூரன்ஸ், மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், பிடிக்கும்போது ஒருவரும் என் மூக்கைப் பார்த்ததில்லை. கேட்டபோதுதான் பார்த்தார்கள். கடிதம் நல்ல மரியாதையான இங்கிலீஷில் இருந்தது. முகத்தோற்றத்தை மாற்றுவதற்காகச் செய்யும் சிகிச்சைக்கு இந்தப் பாலிசியில் இடமில்லை, ஆதாரம் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட், முதல் பக்கம், மூன்றாவது வரி. மூன்றாவது வரியைத் தேடிப் பார்த்தால், நோயாளிக்குத் திருமணத்துக்கு வரன் பார்க்கிறார்கள், அதற்காக மூக்கை நேராக்க விரும்புகிறார் என்று இருக்கிறது. நான் சொல்லவில்லை. நான் அப்போது ஸ்கேன் அறையில் அசையாமல் படுத்திருந்தேன். வெளியே இருந்து சொன்னது அம்மா. பயிற்சி டாக்டர் சின்னப் பெண், சொன்னதை ஒன்று விடாமல் எழுதுகிற நல்ல பிள்ளை, வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து படித்திருப்பாள், எழுதிவிட்டாள். நான் மறுபடி எழுதினேன், மறுபடி மறுத்தார்கள். மூன்றாவது தடவை எழுதியபோது, எங்கள் டாக்டர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று கோயமுத்தூருக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். இங்கே இவர் என்ன எழுதுகிறாரோ அதுதான் முடிவு. கைக்காசில் செய்துகொள்ள எங்களால் முடியாது, அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. இவர் இல்லை என்று எழுதினால் மிச்ச வாழ்க்கையும் இந்த மூக்கோடுதான்.

கசப்பு இறங்குகிறது. வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி, நாக்கின் அடியில் மரத்துப்போகிறது. பயப்படக் கூடாது. பதினொன்று பதினாலு. அம்மாவைத் திட்டியே மூன்று மாதம் ஓடிவிட்டது. நல்லபடியாக ஒரு வார்த்தை பேசவில்லை, சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன், தண்ணி வேணுமா என்றால் வேண்டாம். ஆனால் அந்த வரியை அம்மா எங்கே பிடித்தாள் என்று எனக்குத் தெரியாதா என்ன. அப்பா போனபோது எனக்குப் பதினாறு. அதற்குப் பிறகு தாலுகா ஆபீஸ், ரேஷன் கடை, கரண்ட் ஆபீஸ் எல்லாம் அம்மா ஒருத்திதான். அங்கன்வாடியில் சமைக்கிற பொம்பளை, கையெழுத்து மட்டும் போடத் தெரியும், கவுன்ட்டருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் தலையைக்கூடத் தூக்கமாட்டான். ஒருநாள் வாரிசுச் சான்றிதழுக்காக நாலாவது தடவை போய் நின்றபோது, யாராவது சொல்லிக்கொடுத்தார்களோ தானாகவே வந்ததோ, "பொண்ணுக்கு மாப்ள பாத்துட்டு இருக்கறமுங்க, கொஞ்சம் வெரசலா பண்ணிக்குடுங்க" என்றாள். அவன் தலையைத் தூக்கினான். நான் யூனிஃபார்மில் பக்கத்தில் நிற்கிறேன், பதினொன்றாம் வகுப்பு, இரட்டைச் சடை, எனக்கு மாப்பிள்ளையாம். சான்றிதழ் அடுத்த வாரம் வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். குடிதண்ணீர்க் குழாய் அந்த வரியில் வந்தது. தெருவிளக்கு அந்த வரியில் எரிந்தது. பஸ்ஸில் உட்கார இடம், பண்டிகைக்கு முன்னால் தைத்து வரவேண்டிய ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு பெண்ணின் கல்யாணத்தைத் தாமதம் பண்ணினவன் என்ற பேரை எங்கள் பக்கம் எந்தக் குமாஸ்தாவும் வாங்கிக்கொள்ள மாட்டான். அம்மாவுக்கு அது பொய்யாகவே பட்டதில்லை, வணக்கம் சொல்கிற மாதிரி அதையும் சொல்லிவைப்பாள். பதினைந்து வருடம் எல்லா இடத்திலும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு வேலையை முடித்துக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் மட்டும்தான் எழுதிக்கொண்டார்கள்.

இல்லை, இப்போது கோபப்பட நேரமில்லை, இப்போது வேறு கவலை இருக்கிறது. பஞ்சில் இருக்கிற மருந்து என்ன செய்யும் என்று ஈரோடு டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். மூக்குக்குள் வீக்கம் இருந்தால் அதைச் சுருக்கிவிடும். பஞ்சை எடுத்ததும் மூச்சு நன்றாக வந்தால் அது வெறும் அலர்ஜி, ஸ்ப்ரே அடித்தால் போதும், ஆபரேஷன் எதற்கு என்று எழுதிவிடுவார்கள். அப்போதும் வரவில்லையென்றால் எலும்புதான், எலும்புக்கு ஸ்ப்ரே கிடையாது. ஆக, நான் இங்கே உட்கார்ந்து என்ன வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றால், மூச்சு வரக் கூடாது என்று. ஒன்பது வருடமாக மூச்சு வந்தால் போதும் என்று இருந்தவள். கூடாது, வரக் கூடாது, இன்றைக்கு மட்டும் அடைத்தே இரு, என் தங்கமே. வலதுபக்கம் ஏதோ திறக்கிற மாதிரி இருக்கிறது. இடதுபக்கம்? குறுகுறு என்கிறது. குறுகுறு என்பது திறப்பதா மரப்பதா தெரியவில்லை. இடதுபக்கத்தைப் பற்றி நினைக்காமல் இருந்தால் நல்லது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் சேலத்தில் பல்கலைக்கழகக் கபடி மேட்ச், அரையிறுதி, மூன்றாவது ரெய்டு. பாடிக்கொண்டு உள்ளே போனேன். எங்கள் ஆட்டத்தில் எதிர்க் கோட்டுக்குள் போகிறவள் கபடி கபடி என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போக வேண்டும், பாட்டு அறுந்தால் அவுட். போனஸ் கோட்டில் கால் வைத்துத் திரும்பும்போது ஓரத்தில் காவல் நின்ற கார்னர் பெண்ணின் முட்டி நேராக என் மூக்கில். டக் என்று ஒரு சத்தம், வெளியிலிருந்து வரவில்லை, தலைக்குள்ளிருந்து வந்தது. நான் பாட்டை விடவில்லை. வாயெல்லாம் ரத்தம், கபடி கபடி என்று ரத்தத்தோடு பாடிக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டேன், இரண்டு பாயிண்ட். கோச் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஐஸ் வை. பஞ்சு வை. அடுத்த ரெய்டு நீதான்." போனேன். ஜெயித்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, சீட்டு இல்லை, எக்ஸ்ரே இல்லை, அடிபட்டதற்கு ஆதாரம் என்ன என்று இப்போது கேட்கிறார்கள். ஒரு கோப்பை இருக்கிறது, பள்ளிக்கூட பீரோவில், அதைத் தூக்கிக்கொண்டு வரவா. அன்றைக்கு நான் அழுதிருக்க வேண்டும். அழுதிருந்தால் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

பதினொன்று பதினேழு. இன்னும் எட்டு நிமிடம். அம்மாவுக்கு அந்தப்பக்கம் பல்லடத்து அம்மாள் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார், அவர் வீட்டுக்காரருக்குக் காதுக்குள் ஏதோ. ஊர், பஸ், வெயில், காப்பி என்று பேச்சு வளர்ந்துவிட்டது. அம்மாவை எந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் இரண்டு நிமிடத்தில் பக்கத்து நாற்காலி சொந்தமாகிவிடும். இப்போது கேட்கப்போகிறார், இதோ கேட்டுவிட்டார். "பொண்ணுக்கு என்னங்க?" அம்மா வாயைத் திறக்கிறாள். அந்த வரி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, எனக்குத் தெரிகிறது, பதினைந்து வருடப் பழக்கம். நான் பஞ்சு அடைத்த மூக்கோடு அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறேன். பேசக் கூடாது என்றார்கள், முறைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அம்மா என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறாள். பிறகு, "டாக்டரு பாக்கோணும்னு சொன்னாருங்க" என்கிறாள், இது ஒரு பதிலா. ஃபைலைப் பிடித்திருக்கிற விரல்கள் வெளுத்துப்போயிருக்கின்றன. நாற்பது பிள்ளைகளுக்கு முட்டை உரிக்கிற விரல். மிஸ், உங்கம்மா பாவம் மிஸ் என்று என் கபடி டீம் பிள்ளைகள் சொல்வார்கள், யாரையும் உடனே பாவம் என்று சொல்லிவிடும் பிள்ளைகள். அதே பிள்ளைகள்தான் மாவட்டப் போட்டிக்குப் போனபோது வகுப்பறையில் வரிசையாகப் படுத்திருக்கையில் என் குறட்டையை ஃபோனில் பதிவுசெய்து காலையில் எனக்கே போட்டுக் காட்டினார்கள். புல்லட் வண்டி மிஸ், கியர் மாத்துது பாருங்க மிஸ். நானும் சிரித்தேன். ஆடிமாதத்தில் ஒருநாள் ரெய்டு எப்படிப் போவது என்று காட்டப் போய், பத்து எண்ணுவதற்குள் பாட்டு அறுந்துவிட்டது. காற்று இல்லை. மிஸ் அவுட் என்று எல்லாரும் குதித்தார்கள், மிஸ்ஸை அவுட் ஆக்கின சந்தோஷம். அப்போதும் சிரித்தேன். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினேன், அழுகை அதோடு சேர்ந்து வந்ததால் இரண்டும் நடக்கவில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இதைச் சரிசெய்யாமல் விடுவதில்லை. எத்தனை கடிதம் எழுத வேண்டுமானாலும் எழுதுவது.

அதனால் இன்றைக்குச் சொல்ல வேண்டியதைப் பாடம் பண்ணி வந்திருக்கிறேன். மூச்சுக்கு மட்டும்தான் சார். இவ்வளவுதான். கோபியிலிருந்து இங்கே வரும்வரை பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன், மூச்சுக்கு மட்டும்தான் சார், முகம் எப்படி இருந்தாலும் எனக்குக் கவலையில்லை சார். முதல் பாதி வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டாவது பாதியில் எங்கேயோ இடிக்கிறது, நர்ஸ் பஞ்சு வைத்தபோது இடித்த மாதிரி. கவலையில்லையா? மேகலா, உனக்கா? குரூப் ஃபோட்டோவில் எப்போதும் இடது ஓரத்தில் நின்று வலதுபக்கம் காட்டுகிறவள் யார்? அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போது ஸ்டுடியோக்காரர், தலையைக் கொஞ்சம் சாய்ங்க மிஸ், இன்னும் கொஞ்சம், என்று நாலு தடவை சொல்லிவிட்டு, பரவாயில்ல நான் கம்ப்யூட்டர்ல பாத்துக்கறேன் என்றார். பார்த்துக்கொண்டார். படத்தில் என் மூக்கு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக வந்தது. அந்தப் படத்தைத்தான் ஒரே ஒரு வீட்டுக்குக் கொடுத்தோம், உண்மையாகவே ஒரு மாப்பிள்ளை வீடு, சத்தியமங்கலம். பெண் பார்க்க வந்த அத்தைக்காரி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அந்தப் படத்தை நான் கிழிக்கவில்லை, டிராயரில் வைத்திருக்கிறேன், அது என் ஆசைக்குத்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை. படுத்தால் மூச்சு அடைக்கும், அப்போது கட்டைவிரலை மூக்கின் இடதுபக்கம் வைத்து வலப்பக்கமாகத் தள்ளிப்பிடிப்பேன். கீழ்ப்பாதி குருத்தெலும்புதானே, நகரும். தள்ளினால் காற்று வரும். அப்படியே தூங்கப் பார்ப்பேன், தூக்கம் வந்ததும் கை நழுவிவிடும், மறுபடி அடைத்துக்கொண்டு விழிப்பேன். ஒருதடவை குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் அப்படித் தள்ளிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சும் வந்தது, முகமும் வந்தது. பழைய என் முகம், மேட்ச்சுக்கு முந்தின நாள் முகம். கையை எடுக்க மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. இதை எப்படி அந்த டாக்டரிடம் சொல்வது, ஆசை என்ற வார்த்தை வந்தாலே அது மூன்றாவது வரியாகிவிடும். சொல்ல மாட்டேன். மூச்சுக்கு மட்டும்தான் சார். மூச்சு விட முடியாத ஒருத்திக்கு அழகாக இருக்க ஆசையும் இருந்தால், மூச்சு பொய்யாகிவிடுமா? கேட்டால் ஆமாம் என்கிற மாதிரிதான் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

"மேகலா, உள்ள வாங்க." பதினொன்று இருபத்தாறு. அம்மாவும் எழுந்துகொண்டாள். டாக்டருக்கு அறுபது வயது இருக்கும், நெற்றியில் விளக்குப் பட்டை, கம்பெனி ஆள் என்று நான் நினைத்துவைத்திருந்த முகம் இல்லை, தூங்கி எழுந்த வாத்தியார் மாதிரி ஒரு முகம். உட்கார வைத்து வலதுபக்கப் பஞ்சை உருவினார். காற்று குளுகுளுவென்று நெற்றி வரைக்கும் போனது, இவ்வளவு காற்றா உலகத்தில் இருக்கிறது. ஐயோ, இடதும் இப்படித் திறந்துவிட்டால்? இடதுபக்கப் பஞ்சை உருவினார். "வலதை விரலால மூடிக்கிட்டு மூச்சை இழும்மா." இழுத்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை இழுத்தேன், இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து. மூக்கு ஒட்டிக்கொண்டது, காற்று இல்லை. "அடைச்சிருக்கு சார்!" என்றேன், பரிசு விழுந்த மாதிரி. டாக்டர் தன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இதுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பேஷன்ட்டை நான் பாத்ததில்ல" என்றார். பிறகு கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியைப் படுக்கையாக என் மூக்குக்கு அடியில் பிடித்து, வாயை மூடிக்கொண்டு மூச்சை விடச் சொன்னார். கண்ணாடியில் வலதுபக்கம் மட்டும் வெள்ளையாக ஆவி படிந்தது. இடதுபக்கம் துடைத்துவைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. மெல்லிய குழாயை உள்ளே விட்டு டிவியில் பார்த்தார், சிவப்பாக ஒரு சுவர் வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றது. "நல்லாவே வளைஞ்சிருக்கு" என்றார். அம்மா டிவியைப் பார்த்துக் கையைக் கூப்பினாள், எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது. அப்புறம் டாக்டர் ஃபைலை வாங்கிப் புரட்ட ஆரம்பித்தார். முதல் பக்கம். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவதில் நின்றுவிட்டார். "கல்யாணத்துக்காகன்னு எழுதியிருக்கே?"

நான் பேசுவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். "அது நாஞ் சொன்னதுங்க சாமி" என்றாள். "கல்யாணமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வரனே வரலீங்க. ஒரே ஒரு எடம் வந்துச்சு, அவிங்களும் போயிட்டாங்க. ரெண்டு வருசமா ஒரு ஜாதகங்கூட வரலீங்க. வெரசலா பாப்பீங்கன்னு சொல்லிப்போட்டனுங்க. எம்புள்ள மேல தப்பில்லீங்க." சொந்த அக்காவிடம்கூட அம்மா இதைச் சொன்னதில்லை. நாலு எடம் வந்துட்டுத்தான் இருக்குது, நாங்கதான் பொறுமையாப் பாக்கறோம் என்பாள், பதினைந்து வருடமாக ஊர் முழுக்க அதே பதில். அதை இந்த அறையில், முன்பின் தெரியாத ஆளின் முன்னால் போட்டு உடைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள், புடவைத் தலைப்பு நழுவியதுகூடத் தெரியாமல். எனக்கு மூன்று மாதக் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை. எழுந்து தலைப்பை எடுத்துப் போட்டுவிட்டேன். "உக்காரும்மா." உட்கார்ந்தாள். டாக்டர் பேனாவை எடுத்தார், மூடியைத் திறக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார். "இங்க பாரும்மா. உள்ள இருக்கற சுவர் மட்டும்னு எழுதினா ஒரு சிக்கலும் இல்ல, கண்டிப்பா குடுத்துடுவாங்க. வெளித்தண்டையும் சேத்து எழுதினா, இது முகத்துக்குன்னு மறுபடி ஆரம்பிப்பாங்க. நீ உண்மையைச் சொல்லு. மூச்சுக்கா, முகத்துக்கா?" இதோ கேட்டுவிட்டார். மூச்சுக்கு மட்டும்தான் சார், அவ்வளவுதான், சொல்லிவிட்டு வந்துவிடலாம், பாதி மூக்காவது கிடைக்கும், கண்டிப்பாகக் கிடைக்கும் என்கிறார். மூச்சுக்கு என்று வாய் வந்துவிட்டது. மட்டும் வரவில்லை. அம்மா உள்ளதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிற அறையில் அது வரவில்லை. "ஆசையும் இருக்கு சார்" என்றேன். "முகம் நேரா இருக்கணும்னு ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு நிமிஷம் அந்தக் கண்ணாடியைப் பிடிங்க."

பிடித்தார். நான் கட்டைவிரலை மூக்கின் இடதுபக்கம் வைத்து, தினமும் வைக்கிற அதே இடத்தில், வலப்பக்கமாகத் தள்ளினேன். வாயை மூடிக்கொண்டு மூச்சை விட்டேன். வலதுபக்கம் ஆவி படிந்தது. அதற்குப் பக்கத்தில், சின்னதாக, இடதுபக்கமும் படிந்தது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "கையை எடு" என்று சொல்லித் தன் விரலாலேயே தள்ளிப்பிடித்தார், மறுபடி மூச்சை விடச் சொன்னார். இரண்டு. விரலை எடுத்தார். ஒன்று. மறுபடி தள்ளினார். இரண்டு. "வெளியே நேராகாம உள்ளே நிக்காது போல" என்று தனக்குத்தானே சொன்னார், ஈரோடு டாக்டர் சொன்னதும் அதுதான், அதை அப்போது யாரும் படிக்கவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் நிமிர்த்தியபோது என் முகம் அதில் தெரிந்தது, நேராக. பார்த்துக்கொண்டே இருந்தேன், பார்த்தால் என்ன. பிறகு பேனா மூடியைத் திறந்து எழுதத் தொடங்கினார், நிறைய எழுதினார், எழுதி முடித்து அம்மாவுக்காகத் தமிழில் சொன்னார். "வெளித்தண்டை நேராக்காம இந்தப் பொண்ணுக்கு மூச்சு சரியாகாது, நானே கையால தள்ளிப் பாத்தேன், ரெண்டும் ஒரே ஆபரேஷன்னு எழுதியிருக்கேன். கல்யாணம்னு இருந்த வரிக்கு, தாயார் சொன்னது தவறான தகவல்னும் எழுதியாச்சு. போதுமா?" அம்மா தலையை ஆட்டினாள். "முடிவு அவங்க கையில. இதுக்கு மேலயும் இல்லைன்னா, இந்தக் காகிதத்தை எடுத்துக்கிட்டு மேல புகார் குடுக்கணும்." "குடுப்பேன் சார்" என்றேன். குரல் இன்னும் மரத்துத்தான் இருந்தது, ஆனால் எனக்கே நன்றாகக் கேட்டது.

வெளியே வந்தபோது பல்லடத்து அம்மாள் அதே நாற்காலியில்தான் இருந்தார். விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். "என்னங்க சொன்னாரு? ஆபரேசனா? பொண்ணுக்கு மாப்ள பாக்கறீங்களாக்கும்?" அம்மா தானாகச் சொல்ல வேண்டியதே இல்லை, ஆமாங்க என்று ஒரு வார்த்தை போதும், அந்த அம்மாள் மீதியை முடித்துக்கொள்வார். நான் ஃபைலை வாங்கிக்கொண்டு நின்றேன், இந்தத் தடவை முறைக்கவில்லை.

"இல்லீங்க" என்றாள். "அவளுக்கு மூச்சு விட முடியலீங்க, அதுக்குத்தான்." இரண்டடி நடந்துவிட்டு, என்ன தோன்றியதோ, அந்த அம்மாளிடமே திரும்பிப் போனாள். "மொகமும் நேராகுமுங்க. அது அவளுக்கே ஆசைங்க."